சுண்ணாம்புக் கலயத்திலிருந்து ஆரம்பி

ஏல தம்பி,

நேத்து நீ வாட்ஸப்பில் அனுப்பின நோட்டுப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். மூணு கலர் பேனா, கோடு போட்ட தலைப்பு, ஒளிச்சேர்க்கை என்றால் என்ன, நொதித்தல் என்றால் என்ன, அமிலம் என்றால் என்ன என்று எல்லாம் 'என்றால் என்ன'. கையெழுத்து நல்லா இருக்கு. ஆனால் ஓசூரில் ஆறு வருஷம் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து குரூப் 4 எழுதப் போகிறவன் இதை இப்படிப் படித்தால் தேர்வு ஹாலில் 200 கேள்வியும் 3 மணி நேரமும் ஒண்ணா முன்னால் நிற்கும்போது ஒண்ணும் கைக்கு வராது.

நான் வாத்தியார் இல்லை, பள்ளிக்கூட லேப்பில் குப்பி கழுவினவன்தான். ஆனால் வருஷா வருஷம் அதே சோதனைக்கு எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகள் அதே இடத்தில் தப்பு விடுவதைச் சுவரோரமாக நின்று பார்த்தவன். அதனால் எனக்கும் சொல்ல ஒண்ணு இருக்கு: மனப்பாடம் பண்ணாதே, எண்ணு. எந்த வினையை எடுத்தாலும் உள்ளே போன கார்பன் எத்தனை, அது வெளியே எங்கெங்கே போச்சு என்று கணக்கெடு. கணக்கு இடித்தால் நீ எதையோ விட்டுவிட்டாய்.

தாத்தாவுடைய பனை விளை ஞாபகம் இருக்கா? சித்திரை மாசம் திசையன்விளைக்குப் போனால், விடியுமுன்னே தாத்தா மரத்தடியில் குத்தவைத்து, கலயத்துக்குள் கையை விட்டு நீத்த சுண்ணாம்பை வளைச்சு வளைச்சுத் தடவுவார். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிஞ்சிருக்கும். நீ ஒரு தடவை 'எதுக்குத் தாத்தா சுண்ணாம்பு?' என்று கேட்டதுக்கு, 'போடாட்டி பயினி கள்ளாப் போயிரும்லா' என்றார். பயினி என்றால் பதநீர். உன் நோட்டில் பாதி அந்த ஒரு பதிலில் இருக்குல.

பாளையிலிருந்து சொட்டுவது சர்க்கரைத் தண்ணி. அதில் இருக்கும் சுக்ரோஸில் 12 கார்பன். காற்றிலிருந்தும் பூச்சியின் காலிலிருந்தும் ஈஸ்ட் வந்து விழும். அதனிடம் இருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸை உடைத்து ஒரு குளுக்கோஸ், ஒரு ஃபிரக்டோஸ் ஆக்கும், ஆளுக்கு 6 கார்பன். அப்புறம் சைமேஸ் என்ற இன்னொரு நொதி அந்த ஆறைப் பிடிக்கும்: இரண்டு எத்தனால், இரண்டு கார்பன் டை ஆக்சைடு. எத்தனாலில் இரண்டிரண்டாக நாலு, வாயுவில் ரெண்டு, கணக்கு சரி. கள்ளு நுரைப்பது அந்த வாயுவால். சுண்ணாம்பு போட்டால் பயினி காரமாகிவிடும், அந்தக் காரத்தில் ஈஸ்டுக்கு வேலை ஓடாது. அவ்வளவுதான் தாத்தாவுடைய வித்தை.

இதே ஆறு கார்பன் உன் உடம்பில் என்ன ஆகும் என்று பார். ஆக்சிஜன் இருந்தால் ஆறும் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், அது காற்றுள்ள சுவாசம். நீ பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுகிறாய், தசைக்கு ஆக்சிஜன் பத்தவில்லை, அப்போது லாக்டிக் அமிலம். அதில் மூணு கார்பன், இரண்டு மூலக்கூறு வரும், ஆறு முடிந்தது. அதாவது அங்கே கார்பன் டை ஆக்சைடு வராது! 'தசையில் நடக்கும் காற்றில்லா சுவாசத்தில் வெளியேறும் வாயு எது' என்று கேட்டால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு என்று அடிப்பான். எண்ணியிருந்தால் அடிக்க மாட்டான்.

இதில் நான் அசிங்கப்பட்ட கதை ஒண்ணு உண்டு, உன் அம்மைக்கே தெரியாது. வெளியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி லேப்பைப் பார்க்க வந்த நாள். கூம்புக் குடுவையில் சர்க்கரைக் கரைசல், ஈஸ்ட், தக்கை, அதிலிருந்து ஒரு குழாய் சுண்ணாம்புத் தண்ணிக்குள். வாயு வந்து தண்ணி பால் மாதிரி ஆகணும். அவசரத்தில் நான் டீக்கு வைத்திருந்த கொதிதண்ணியை ஊற்றிச் சர்க்கரையைக் கரைத்து, சூடு ஆறாமலே ஈஸ்டைப் போட்டுவிட்டேன். ஒரு குமிழி வரணுமே! சார் என்னைப் பார்க்கிறார், நான் குடுவையைப் பார்க்கிறேன். நொதி ஒரு புரதம், சூடு பட்டால் வெந்த முட்டை மாதிரி உருக்குலைந்துவிடும் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது, இன்றைக்குவரை மறக்கவில்லை. அப்புறம் படித்தேன், 1897-ல் ஜெர்மனியில் எட்வர்ட் புக்னர் என்பவர் ஈஸ்டை மணல் போட்டு அரைத்துச் சாறு பிழிந்தாராம். உயிருள்ள செல் ஒண்ணுமில்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்க வைத்தது. 1907-ல் வேதியியல் நோபல் அதுக்குத்தான். அரைத்தால் செல்தான் செத்தது, நொதி சாகவில்லை. நான் நொதியையே அவித்துவிட்டேன்.

சரி, சுண்ணாம்புத் தண்ணிக்கு வருவோம். குழாயை விட்டு ஊதினால் பால் மாதிரி ஆகும், எல்லாருக்கும் தெரியும். நாம் இழுக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு நூற்றுக்கு 0.04, விடும் மூச்சில் சுமார் 4. அது கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது, கரையாது, அதனால் வெள்ளை. பிள்ளைகள் இதோடு நிறுத்திவிட்டு நோட்டில் எழுதப் போய்விடுவார்கள். நிறுத்தாமல் ஊதினால் மறுபடி தெளிந்துவிடும்! கால்சியம் பைகார்பனேட் ஆகிவிட்டது, அது கரையும். அதைக் கொதிக்க வைத்தால் வெள்ளை திரும்பி வரும். நம் வீட்டு வெந்நீர்ப் பானைக்கு அடியில் போர் தண்ணியால் ஓடு ஓடாகப் பிடித்திருக்குமே, அம்மை சிரட்டையால் சுரண்டுவாளே, அதுதான் தண்ணியின் தற்காலிகக் கடினத்தன்மை. வெள்ளையடித்த சுவர் நாளாக நாளாக இறுகுவதும் இதே முதல் வினைதான். சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டபோது காற்றுக்குப் போன கார்பன் சுவருக்குத் திரும்பி வருகிறது. தாழையூத்துப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிமென்ட் ஆலையைப் பார்த்தால் எனக்கு இந்த வட்டம்தான் ஞாபகம் வரும், உன் அம்மைக்குத் தூசி ஞாபகம் வரும்.

மற்றது சுருக்கமாக. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் தண்ணியிலிருந்து வருவது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து இல்லை, இதில் ஏமாறாதே. செல் பகுப்புக்கும் எண்ணிக்கைதான், மனுஷனுக்கு: மறைமுகப் பகுப்பு என்றால் 46 குரோமோசோமோடு இரண்டு செல், குன்றல் பகுப்பு என்றால் 23-ஓடு நாலு. பிஹெச் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும், இரண்டு குறைந்தால் நூறு மடங்கு, இருபது இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதை வைத்து நிறங்காட்டியை ஞாபகம் வைத்துக்கொள். லிட்மஸ், பினாப்தலீன் நிறத்தை மட்டும் உருப்போடு, அதுக்கு வேறு வழி கிடையாது.

அம்மை நாலு சிரட்டைக் கருப்பட்டி பார்சலில் போட்டிருக்கிறாள். உனக்கு ஒரு கேள்வி. கள்ளும் கருப்பட்டியும் ஒரே மரத்துச் சாறு, கருப்பட்டியில் சர்க்கரை இன்னும் அதிகம். பின்னே ஈஸ்ட் ஏன் அதை மாசக்கணக்கில் தொடமாட்டேன் என்கிறது? ஆச்சி உப்பில் போட்ட நார்த்தங்காய் சுருங்கித் தண்ணி விட்டதையும் சேர்த்து யோசி, சவ்வூடு பரவல் பக்கத்தைத் திறந்தும் பார். ஞாயிற்றுக்கிழமை போனில் பதில் சொல்லு. கருப்பட்டியை டப்பாவில் இறுக்கி மூடி வை, மழை நேரத்தில் திறந்து கிடந்தால் கசிந்து ஒழுகிவிடும். அது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லு.

அப்பா