மேல் பிரிவுப் பாதைத் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வரையான பாதையை அகலமாக்கி, கொங்கிரீட் போட்டு முடித்துவிட்டோம். 8 அடியாகக் கிடந்த பாதை இப்போது 12 அடி. பங்குனி முடிவதற்குள் கொழுந்து லொறி மேலே ஏறிவிட்டது.

கோயில் கமிட்டிக்குப் பாதையில் என்ன வேலை என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். வேறு யார் செய்வார்கள் என்று பல வருடம் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இறங்கினோம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கொழுந்து ஏற்ற வெட்டிய பாதை இது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. பாதை மட்டும் அப்படியே கிடந்தது. பிரதேச சபைக்குப் போனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டினார்கள். அதன்படி நாம் சபைக்கு வாக்குப் போடலாம், ஆனால் சபைக் காசு தோட்டத்துக்குள் வராது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி பிறந்தது. நாங்கள் மனுவோடு அலைந்துகொண்டிருக்கும்போதே 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்துவிட்டது. 2025 மே மாதத் தேர்தல் வரை பேசுவதற்கு ஓர் உறுப்பினரும் இல்லை.

தேர்தலுக்குப் பிறகு, மண் வெட்டும் பெக்கோ இயந்திரமும் சீமெந்தில் ஒரு பகுதியும் தருவதாகச் சபை சொன்னது. மணல், சல்லி, மேசன் கூலி, கீழ்ப்பக்கக் கருங்கல் கட்டு எல்லாம் நம் பொறுப்பு. கோயில் மண்டபத்தில் மூன்று ஞாயிறு கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்தில் சத்தம்தான் மிச்சம்.

வீட்டுக்கு இவ்வளவு என்று வைப்பதா, பேருக்கு இவ்வளவு என்று வைப்பதா என்பதுதான் பெரிய வாக்குவாதம். நாலு பேர் வேலைக்குப் போகும் வீடும், தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் வீடும் ஒரே தொகை கொடுப்பது சரியில்லை என்று பள்ளத்து லயத்தார் சொன்னார்கள். அது சரி என்றே கூட்டம் முடிவெடுத்தது. செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பேர் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு நாட்சம்பளம், அப்போதைய கணக்கில் 1,350 ரூபாய். ஓய்வு பெற்றவர்களிடம் கேட்பதில்லை. ஓட்டோக்காரர்கள் இரண்டு மடங்கு தர வேண்டும் என்று நாங்கள் முன்வைத்தோம். நடு இரவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிப் போகிறவர்கள் தாங்கள்தானே என்று அவர்கள் மனம் நொந்து கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. யோசனையை அங்கேயே கைவிட்டோம்.

அப்புறம் கோபுரப் பணம். வர்ணம் பூச நாலு வருடமாகச் சேர்த்த காசைப் பாதைக்கு எடுப்பதா என்று பலர் கோபப்பட்டார்கள். தேர் இழுக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, "அந்த முடக்கில் வருசா வருசம் அம்மாவைத் தோளில் தூக்கித்தானே திருப்புறோம், அவளுக்கும் பாதை வேணாமா" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. இருந்தாலும் கோபுரப் பணத்தைக் கடனாக மட்டுமே எடுத்திருக்கிறோம். இனி வரும் சந்தா அந்தக் கடனைத்தான் முதலில் அடைக்கும்.

எந்தப் பக்கம் அகலமாக்குவது? மேற்பக்கம் தேயிலை மலை. மண்திட்டை வெட்டி எடுத்தால் சுலபம், லயத்துக்காரர் யாருக்கும் நட்டமில்லை என்றே முதலில் நினைத்தோம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அந்த நாட்களில் மலை எப்படி இறங்கியது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போனதை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பாதையைப் பார்க்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரும் மேல்திட்டில் கை வைக்க வேண்டாம், தேயிலை வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது என்றார். ஆகவே பாதை கீழ்ப்பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. கீழ்ப்பக்கம் இருந்தது 11 குடும்பங்களின் மரக்கறித் தோட்டம்.

இந்த அறிக்கையில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது அவர்களைப் பற்றித்தான். தாத்தா காலத்திலிருந்து போஞ்சியும் லீக்ஸும் போட்டு வந்த பாத்திகள் அவை. ஆனால் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. காணி உறுதி இல்லாததால் நட்டஈடு கேட்கவும் வழியில்லை. காசு கொடுத்தவர்களுக்கு ரசீது கொடுத்தோம். நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெக்கோ வருவதற்கு முதல் நாள் மாலை, கடைசி லயத்துப் பாட்டி பாத்தியில் குந்தியிருந்து மண்ணைக் கொழுந்துச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். லீக்ஸ் ஏற்கனவே பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தது. என்ன பாட்டி என்று கேட்டதற்கு, "இடத்தை எடுத்துக்கங்க, மண்ணு எனக்கு வேணும்" என்றார். அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் போட்டுப் போட்டு வளர்த்த மண் அது. கையில் எடுத்தால் காப்பித் தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. எங்கள் திட்டத்தில் இப்படி ஒன்று இருக்கவேயில்லை. இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் ஓடி வந்து, மற்றப் பத்துப் பாத்திகளின் மேல்மண்ணையும் சேர்த்து ராத்திரி டோர்ச் வெளிச்சத்தில் கோயிலுக்குப் பின்பக்கம் சுமந்து கொட்டினார்கள்.

வேலையில் நடந்த ஒரு பிழையை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது முடக்கில் கொங்கிரீட் போட்ட அன்று, மூன்று மணிக்கே மலை இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்துவோம் என்று மேசன் சொன்னார், இன்னும் கொஞ்சம்தானே என்று நாங்கள்தான் அவசரப்படுத்தினோம். மழை கொட்டி, மேல் சீமெந்து கழுவிப் போய், காலையில் பார்த்தால் சல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை உடைத்துத் திரும்பவும் போட்ட செலவைக் கமிட்டிக்காரர்கள் எங்கள் கையிலிருந்து போட்டோம், உங்கள் பணத்தில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு போட்ட பகுதிகளில் ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு, தண்ணீர் காயவிடாமல் பார்த்துக்கொண்டோம். கடைசிப் பகுதி 28 நாள் இறுகும் வரை லொறியை மேலே விடவில்லை. அவ்வளவு நாளும் மேல் பிரிவுப் பெண்கள் கொழுந்தைத் தலையில் சுமந்து கொழுந்து நிறுக்கும் கீழ் மடுவத்துக்கு இறக்கினார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, அவர்களுக்கு எங்கள் நன்றி.

லொறி ஏறி ஒன்பதாம் நாள் இரவு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் முதல் தடவையாக லயத்து வாசலுக்கே வந்தது. இதற்கு முன் பிரசவ வலி வந்த பிள்ளையைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு கோயில் முடக்கு வரை இறங்குவோம். தாயும் பிள்ளையும் சுகம்.

வரவு செலவு முழுவதும் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறது. பற்றுச்சீட்டுகளை வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு யாரும் பார்க்கலாம். பெயர்க்கல் எதுவும் வைக்கவில்லை. அந்தக் காசில் 11 குடும்பங்களுக்கும் கோயிலுக்குப் பின்பக்கப் புதுப் பாத்திகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டோம். அந்த இடத்தை அவர்கள் பாவிக்கத் தோட்ட நிர்வாகம் வாயால் சம்மதித்திருக்கிறது. எழுத்தில் கேட்டிருக்கிறோம், கடிதம் கையில் கிடைக்கும் வரை மாதா மாதம் ஒபிசுக்குப் போவோம்.

கீழ் முடக்கிலிருந்து பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்) வரை மழைத் தண்ணீர் ஓடும் கான் இன்னும் வெட்டவில்லை. வைகாசி மழைக்கு முன் முடிக்காவிட்டால் தண்ணீர் கருங்கல் கட்டின் அடியை அரித்துவிடும். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு சிரமதானம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். மண்வெட்டி இல்லாதவர்களுக்குக் கோயில் அறையில் ஆறு இருக்கிறது.