பொத்தான் தனியாக வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனையும் கையடக்க கேம் கருவியையும் ஒன்றாக்கினால் நம் ஊர்களில் நன்றாக விற்கும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தருமபுரியில் பதினெட்டு வருடமாக செல்போன் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இது புது யோசனையும் இல்லை. நோக்கியா 2003 அக்டோபரிலேயே என்-கேஜ் என்ற கேம் போனைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதன் விலை 299 டாலர். கேம் கார்டை மாற்றப் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். பேசும்போது அதன் விளிம்பைத்தான் காதில் வைக்க வேண்டும். அடுத்த வருடமே இந்த இரண்டையும் சரிசெய்து என்-கேஜ் க்யூடி வந்தது, அதுவும் எடுபடவில்லை. அதே 2003-ல் அதே நிறுவனம் விட்ட 1100 மாடலில் இருந்தது ஒரு டார்ச் லைட்டும் பாம்பு கேம் மாதிரி சின்ன கேம்களும்தான். அது உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 2011-ல் வந்த சோனி எரிக்சனின் எக்ஸ்பீரியா பிளேயில் திரையைத் தள்ளினால் அடியில் கேம் பொத்தான்கள் இருக்கும். அழகான போன், ஆனால் அந்த வரிசை அதோடு நின்றுவிட்டது.

கட்டுரையில் விட்டுப்போனது ஒன்று உண்டு. ஆடுவது பையன், பணம் கொடுப்பது அப்பா. போன மாதம் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு தக்காளி விவசாயி, ப்ளஸ் டூ முடித்த மகனோடு வந்தார். பையன், போனில் ராம் மெமரி எவ்வளவு, ஆடும்போது சூடாகுமா என்று கேட்டான். அப்பா கேட்டது, "சார்ஜ் ரெண்டு நாள் நிக்குமா? மண்டியில நிக்கும்போது ரிங் சத்தம் கேக்குமா?" கடைசியில் அப்பா சொன்ன போனைத்தான் வாங்கினார்கள். ஓரத்தில் கேம் பொத்தான் இருந்திருந்தால் அவர் கையிலேயே எடுத்திருக்க மாட்டார். ஒரு வாரம் கழித்துப் பையன் தனியாக வந்தான், போன் ஓரத்தில் மாட்டி கேம் ஆடுகிற ட்ரிகர் பொத்தான் ஒரு ஜோடி கேட்டான். சட்டைப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தது அவன் சொந்தக் காசு. என்னைக் கேட்டால், நம் ஊரில் இதற்கான சந்தை அந்தக் காசுதான்.

அப்புறம், கேம் கருவி செய்பவர்களுக்குப் பெரிய வருமானம் கேம்களை விற்பதில் வருகிறது. இங்கே யாரும் கேமைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதிலிருந்து எல்லாம் இலவச டவுன்லோடுதான். 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானது, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். இரண்டு முறையும் பையன்கள் அதே போனில் வேறு கேமுக்கு மாறிக்கொண்டார்கள்.

ரிப்பேர்காரனாகவும் ஒன்று சொல்கிறேன். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடி, சார்ஜிங் பின் ஆட்டம் கண்ட போன்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. பொத்தானும் ஜாய்ஸ்டிக்கும் போனுக்குள்ளேயே இருந்தால், ஒரு பொத்தான் தேய்ந்ததற்காக முழு போனையும் பிரிக்க வேண்டிவரும். அதுவரை அந்த வீட்டில் பேங்க் ஓடிபி கூடப் பார்க்க முடியாது. தனியாக மாட்டுவது என்றால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஓசூர் பக்கத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கு பாகங்கள் செய்கிறது. அந்தக் கைத்திறன் உள்ள இந்த வட்டாரத்தில், எந்த போனிலும் மாட்டும்படி உறுதியான ஒரு கேம் பிடியை ஐந்நூறு ரூபாய்க்குள் யாராவது செய்து தரட்டும். முதல் ஐம்பதை நானே ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
தருமபுரி