ஹீலியத்தோடு நின்றுபோன கதை

அன்பு நண்பா,

பதில் தாமதம்தான். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சித்தப்பா வந்து போனான். இன்னும் அதே கதை, அதே இடத்தில் நிறுத்திவிட்டு முதல் ஆளாகச் சிரிக்கிறான். நீ கேட்ட முகவரியை அவனே உனக்கு அனுப்புவானாம். நம்பாதே.

உன் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை இப்படி உட்கார வைத்துவிட்டது. "என்னடா, கடைசியில் நாமெல்லாம் நட்சத்திரத் தூசிதானே" என்று முடித்திருந்தாய். அண்ணன் போன துக்கத்தில் எழுதியது என்று தெரியும், அதனால் உடனே சண்டைக்கு வரவில்லை. இப்போது வருகிறேன். அந்த வரி பாதிதான் உண்மை. அண்ணனிடம் சொல்லியிருந்தால் "ஆதாரம் எங்கே?" என்று ஒரு புருவத்தை மட்டும் தூக்கியிருப்பார்.

எண்ணிக்கையில் பார்த்தால் நம் உடம்பிலுள்ள அணுக்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஹைட்ரஜன். பெரும்பாலும் உடம்புத் தண்ணீரில் இருப்பது. அதை எந்த நட்சத்திரமும் செய்யவில்லை. நட்சத்திரம் என்று ஒன்று பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே அதன் புரோட்டான்கள் தயார். எடையில் பத்தில் ஒரு பங்குதான் தேறும், ஒப்புக்கொள்கிறேன். எடைக் கணக்கில் நீ ஜெயித்தாய், தலைக் கணக்கில் நான்.

அந்த ஹைட்ரஜன் பெருவெடிப்பில் வந்தது. முதலில் பெருவெடிப்பு பற்றிய அந்தப் பட்டாசுக் கற்பனையை விடு. ஓர் இடத்தில் ஏதோ வெடித்து, காலி இடத்தில் சிதறியது என்று பள்ளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாய். சிதறுவதற்கு வெளியே இடமே கிடையாது. இடம்தான் விரிந்தது, எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில். நடு என்று எதையும் காட்ட முடியாது. "அதற்கு முன் என்ன?" என்று அடுத்து கேட்பாய். அதைச் சித்தப்பாவிடம் கேள், அவனுக்குத் தெரியாதது உண்டா?

என்னைப் பிடித்துக்கொண்டது முதல் சில நிமிடங்களின் கதை. 1380 கோடி ஆண்டு வரலாற்றில் வெறும் நிமிடங்கள். ஒரு வினாடி ஆனபோது வெப்பம் சுமார் 1000 கோடி டிகிரி. புரோட்டானும் நியூட்ரானும் இருக்கின்றன, ஆனால் ஒட்ட முடியவில்லை. இரண்டும் சேர்ந்தால் டியூட்டிரியம். அது பலவீனமான கூட்டு. சேர்ந்த மறுகணமே ஏதாவது ஓர் ஒளித்துகள் மோதி உடைத்துவிடும். வெப்பம் 100 கோடி டிகிரிக்கு இறங்கும்வரை, அதாவது சில நிமிடம், காத்திருந்தே ஆக வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் நியூட்ரான்கள் ஒவ்வொன்றாகச் சிதைகின்றன. தனியாக விட்டால் அதன் சராசரி ஆயுள் 15 நிமிடம்கூட இல்லை. கடைசியில் ஏழு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்று மிஞ்சுகிறது.

இனி வாத்தியார் பாணியில் கணக்குப் போடு. 14 புரோட்டான், 2 நியூட்ரான். அந்த இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஹீலியம் ஆகின்றன. மீதி 12 புரோட்டானும் ஹைட்ரஜன். பதினாறில் நான்கு, எடையில் கால் பங்கு ஹீலியம். இன்றைக்கு நட்சத்திரங்களின் கலப்படம் குறைந்த பழைய வாயு மேகங்களை அளந்தாலும் ஏறத்தாழ அதே கால் பங்குதான் வருகிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ சிரிப்பாய், சிரி.

அப்புறம்தான் விஷயமே. இருபது நிமிடத்துக்குள் எல்லாம் நின்றுவிட்டது. துளி லித்தியம் தவிர ஹீலியத்துக்கு மேலே ஒன்றும் உருவாகவில்லை. காரணம், நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) 5 கொண்ட நிலையான அணுக்கரு கிடையாது, 8 கொண்டதும் கிடையாது. இரண்டு படிகள் பெயர்ந்த மாடிப்படி போல. ஹீலியத்தோடு ஒரு புரோட்டான் சேர்ந்தால் உதிர்ந்துவிடும். இரண்டு ஹீலியம் சேர்ந்தால் வரும் பெரிலியம்-8 கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட நிலைக்காது. அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து மோதினால்தான் கார்பன். மோத ஆள் நெருக்கமாக இருக்க வேண்டுமே? அந்த நேரத்தில் பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருள் நாம் சுவாசிக்கும் காற்றைவிட அடர்த்தி குறைந்துவிட்டிருந்தது. கேட்டால் நம்பமாட்டாய், நானும் இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். சூடும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது.

அங்கிருந்து 10, 20 கோடி ஆண்டுகள் நகர்ந்த பிறகுதான் முதல் நட்சத்திரங்கள். அவற்றின் மையம் சுருங்கி, தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு அடர்த்தியாகி, 10 கோடி டிகிரியைத் தொட்டபோது மூன்று ஹீலியம் சேர்வது சாத்தியமானது. நிமிடக் கணக்கில் முடியாதது லட்சக்கணக்கான ஆண்டு நிதானத்தில் முடிந்தது.

இந்தச் சேர்க்கை எப்படிச் சாத்தியம் என்று காட்டியவர் யார் தெரியுமா? பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில். பெருவெடிப்பைக் கடைசிவரை ஏற்காத மனிதர். 1949இல் வானொலியில் பேசும்போது அந்தப் பெயரை வைத்ததே அவர்தான். சூடான தொடக்கம் கிடையாது என்பது அவர் கட்சி. அப்படியென்றால் தனிமங்கள் எல்லாம் நட்சத்திரத்துக்குள்தான் பிறந்திருக்க வேண்டும். அந்தப் பிடிவாதத்தில், கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஆற்றலில் ஒரு கிளர்ச்சி நிலை (கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலை) இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாம் யாரும் இல்லை என்று 1953இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்துக்குப் போய் இயற்பியலாளர் ஃபௌலர் குழுவிடம் அடித்துச் சொன்னார். அரைமனதாகத்தான் தேடினார்கள். இருந்தது! அதே மனிதர் 1964இல் டேலர் என்ற வானியலாளருடன் சேர்ந்து, நட்சத்திரங்களால் மட்டும் இவ்வளவு ஹீலியத்தை உண்டாக்க முடியாது என்றும் எழுதினார். தன் கட்சிக்கே பாதகமான கணக்கைத் தானே வெளியிட்டார், கட்சியை மட்டும் விடவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை. 1983இல் நோபல் பரிசு ஃபௌலருக்கும் நம் சந்திரசேகருக்கும் போனது. ஹாயிலுக்கு இல்லை. சந்திரசேகருக்கு மனசாரக் கைதட்டிவிட்டு இதற்கு வயிறெரிகிறேன்.

தங்கம், பிளாட்டினமெல்லாம் வேறு வழி. நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போதும் பிறக்கின்றன. 2017 ஆகஸ்ட் 17இல் அப்படி ஒரு மோதலின் ஈர்ப்பலையும் ஒளியும் சேர்ந்தே நமக்கு எட்டின. அதை விரித்தால் நீ கடிதத்தை மடித்துவிடுவாய்.

சரி, எனக்குள் அரித்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998இல் தெரிந்தது. இதே போக்கு நீடித்தால், பத்தாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் போனபின், நம் சிறு கூட்டத்துக்கு வெளியே உள்ள எல்லா விண்மீன் மண்டலங்களும் பார்வை எல்லையைத் தாண்டிப் போய்விடும். பிரபஞ்சத்தின் 3.8 லட்சம் ஆண்டு வயதில் கிளம்பிய பழைய ஒளியான நுண்ணலைப் பின்னணி இன்று 2.7 கெல்வினில் எங்கும் நிறைந்திருக்கிறது. அதுவும் நீண்டு நீண்டு அளக்கவே முடியாத அளவுக்கு மங்கிவிடும். அந்த ஹீலியக் கால் பங்குகூடத் தேறாது, நட்சத்திரங்கள் அதற்குள் கணக்கைக் கலைத்துவிட்டிருக்கும். ஆனால் சிவப்புக் குறுமீன்கள் என்னும் சிறிய, மங்கலான நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருக்கும், அவற்றின் ஆயுள் லட்சம் கோடி ஆண்டுகள். அங்கே யாராவது பிறந்து, கருவி செய்து, நம்மைவிடப் புத்திசாலியாக நிமிர்ந்து பார்த்தால் ஒரே ஒரு தீவும் சுற்றிலும் இருட்டும்தான் தெரியும். பிரபஞ்சம் அசையாதது, என்றும் இப்படியே இருந்தது என்று எழுதுவார்கள். 1917இல் ஐன்ஸ்டைனே அப்படித்தான் எழுதினார். அவருக்காவது திருத்த ஆதாரம் வந்தது. இவர்களுக்கு வராது. ஒரு தப்பும் செய்யாமலே, ஒழுங்காக அளந்து, தவறான முடிவுக்கு வருவார்கள்.

அண்ணனிடம் இதைச் சொல்ல ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. "ஆதாரம் இல்லையென்றால் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்" என்பாரே, அதற்கு என்ன சொல்லியிருப்பார்? ஆதாரம் அழிந்தாலும் நடந்தது நடந்ததுதானே. அவர் விஷயத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அதற்குமேல் எழுத வரவில்லை.

நம் காலத்திலும் எல்லாம் சுமுகமாக இல்லை. நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்டால் ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் வினாடிக்கு 67 கிலோமீட்டர் என்ற வேகத்தில் பிரபஞ்சம் விரிகிறது. தூரம் அளக்க உதவும் செஃபீட் என்ற துடிக்கும் நட்சத்திரங்களையும் சூப்பர்நோவா எனும் நட்சத்திர வெடிப்புகளையும் வைத்து அளந்தால் 73. இரண்டு தரப்பும் பிழை தேடித் தேடி அலுத்துவிட்டன. நான் 67இன் பக்கம். செஃபீட்களில் இன்னும் ஏதோ நெருடல் இருக்கிறது என்று தோன்றுகிறது. நீ எந்தப் பக்கம் என்று காரணத்தோடு எழுது. பந்தயம் வழக்கமானதுதான், தோற்றவன் சித்தப்பாவின் கதையை முழுசாகக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்