கேட்காமல் வந்த பார்சல்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

சென்னிமலையிலிருந்து வணக்கம். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் கடையில் ஒரு குளறுபடி. பழைய ஆர்டர்களின் முகவரிச் சீட்டுகள் மறுபடியும் அச்சாகி, ஏழு பேருக்கு அவர்கள் கேட்காத போர்வைகள் போய்ச் சேர்ந்தன. பணம் கட்டிக் காத்திருந்த ஏழு பேருக்குப் போகவில்லை. தவறு முழுக்க எங்களுடையது. மன்னிக்க வேண்டும்.

பார்சல் போனவர்களில் ஈரோட்டு அம்மா ஒருவர் பதறிப்போய், "பில்லு எவ்வளவுங்க, இப்பவே அனுப்பிடறேன்" என்றார். கோவையிலிருந்து ஒருவர், "கேட்காம வந்தது வாங்கினவனுக்கே சொந்தம்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே" என்றார். இருவர் சொன்னதும் சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஈரோட்டு அம்மாவுக்கு. நீங்கள் ஆர்டர் செய்யாத பொருளுக்குக் காசு தர வேண்டியதில்லை. ஒருவர் தருகிறேன் என்று சொல்லி, மற்றவர் அதை ஏற்றால்தான் ஒப்பந்தம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படையே அதுதான். "பத்து நாளில் திருப்பி அனுப்பாவிட்டால் வாங்கியதாகக் கொள்ளப்படும்" என்று பெட்டிக்குள் சீட்டு வைத்திருந்தாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டாம். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லும், வியாபாரத்தில் செல்லாது.

கோவைக்காரர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அதே சட்டத்தின் 70-வது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது, எங்கள் கதையைப் பார்த்து எழுதியது போலவே. ஒரு வியாபாரி தவறுதலாக ஒருவர் வீட்டில் பொருளை விட்டுவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் அதைத் தன் பொருளாகப் பாவித்துக்கொண்டால், அதற்கு விலை கொடுக்க வேண்டும். அதாவது, போர்வையைப் பிரித்துப் போர்த்திக்கொண்டால் பில் வரும். அப்படியே எடுத்து வைத்துவிட்டு ஒரு போன் போட்டால் உங்கள் வேலை முடிந்தது. திருப்பி எடுத்துப் போவதும் அதற்கான கூரியர் செலவும் எங்கள் பாடு. நீங்கள் ஆட்டோ பிடித்துக் கூரியர் ஆபீசுக்கு அலைய வேண்டாம்.

அந்த வாட்ஸ்அப் செய்தி வெறும் புரளி என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1971-லேயே இதற்கென ஒரு சட்டம் வந்தது. கேட்காமலே பொருளை அனுப்பிவிட்டு அப்புறம் காசு கேட்கும் வியாபாரிகளை அடக்கத்தான் அது. அங்கே அப்படி வருவதை அன்பளிப்பாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் தபாலில் அப்படி வந்தால் அதே கதைதான். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. வெறும் முகவரி மாறிப் போன பார்சலுக்குப் பிரிட்டனிலும் அந்தச் சலுகை இல்லை.

இதெல்லாம் தவறுதலாக வருவது. வேண்டுமென்றே வருவதுதான் இன்றைய தலைவலி. நம் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கேஷ் ஆன் டெலிவரி பார்சல், 699 ரூபாய். வீட்டில் பாட்டி மட்டும். பேரன் பேரும் போன் நம்பரும் சரியாக இருந்ததால், அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். உள்ளே சாயம் போன துண்டு ஒன்று. அந்தக் காலத்தில் புதிர்ப் போட்டியில் ரேடியோ விழுந்தது என்று வி.பி.பி. அனுப்பி, தபால்காரரிடம் பணம் கட்டிப் பிரித்தால் செங்கல் இருக்குமே, அதன் பேரப்பிள்ளை இது.

ஆகவே வீட்டில் சொல்லி வையுங்கள்: யார் ஆர்டர் என்று போனில் கேட்காமல் வாசலில் பணம் தர வேண்டாம். "வேண்டாம்" என்றால் போதும், பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், உங்களுக்குச் செலவில்லை. "ரத்து செய்யணும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் மட்டும் சொல்லவே வேண்டாம். ஓ.டி.பி. சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பொருள் விஷயத்தில் ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

காசே கேட்காமல் ஏதாவது அற்பப் பொருள் வந்தாலும் யோசிக்க வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் பலர் வீட்டுக்குச் சீனாவிலிருந்து விதைப் பொட்டலங்கள் வந்தன. விற்றதாகக் கணக்குக் காட்டி, வாங்கினவர் பேரில் தாங்களே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் வேலை என்றுதான் அங்கே சந்தேகப்பட்டார்கள். அப்படி வரும் பெட்டியில் க்யூ.ஆர். கோடு இருந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கடை வெப்சைட்டில் "பரிசுப் பெட்டி, 40 ரூபாய்" என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருந்தது. அதுவும் கேட்காத பொருளைத் தலையில் கட்டுவதுதான். 2020-ன் மின்வணிக விதிகள் அதைத் தடுக்கின்றன. வெப்சைட் செய்து கொடுத்தவர் வைத்தது, நாங்களும் கவனிக்காமல் விட்டோம். இப்போது எடுத்தாயிற்று. அந்த 40 ரூபாய் வேண்டாமலே கட்டியவர்கள் சொல்லுங்கள், திருப்பித் தருகிறோம்.

ஏழு பார்சலில் நான்கு திரும்பி வந்துவிட்டன. இரண்டு பேர் போர்வை பிடித்துப்போய், அவர்களாகவே விலை கேட்டு வைத்துக்கொண்டார்கள். திண்டுக்கல்லுக்குப் போன ஒன்று மட்டும் பாக்கி, அவர் நம்பர் மாறிவிட்டது போல. சிவப்புக் கரை போட்ட இரட்டைப் போர்வை. இந்த மடலைப் பார்ப்பவர் நீங்களானால் கடை நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், ஆள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து