சம்பந்திக்கு

ட்ராய், மிச்சிகன்
15 டிசம்பர் 2024

அன்புள்ள செல்வம்,

நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது. ராத்திரி நிதானமாக எழுதலாம், சனிக்கிழமை எழுதலாம் என்று தள்ளித் தள்ளி, தீபாவளியும் போய் இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் பிரீமியர் பத்மினி காரை விற்கலாமா என்று நீ கேட்ட விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் க்ரைஸ்லரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் புலம்பியாக வேண்டும். உன்னை விட்டால் இதைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாலதிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பையன் ஆன் ஆர்பரில் மூன்றாம் வருஷம். கம்ப்யூட்டர்தான், திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா? நெட்டையன் மகள் கல்யாணப் படங்கள் பார்த்தேன். பட்டு வேட்டி கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது, இன்னும் அவன் அளவுக்கு நெய்ய ஆள் பிறக்கவில்லை போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. கராஜில் என் க்ரைஸ்லர் 300C காரின் முன் கிரில்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் உப்பு போட ஆரம்பித்துவிட்டார்கள், துடைக்காமல் விட்டால் இரும்பைத் தின்றுவிடும். பையன் போனை நீட்டினான். க்ரைஸ்லரின் இன்றைய தாய்க் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸின் தலைவர் கார்லோஸ் டவாரெஸ் பதவி விலகிவிட்டார், அன்றைக்கே. ஒப்பந்தம் 2026 தொடக்கம் வரை இருந்தது. "உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்பா" என்றான். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. துணியை வைத்துவிட்டு காருக்குள் ஏறி உட்கார்ந்தேன்.

உனக்கு இந்தக் காரைப் படத்தில்தான் தெரியும். 2006 மாடல், 5.7 லிட்டர் ஹெமி இன்ஜின், 340 குதிரைச் சக்தி. கதவின் தகரம் உன் நெஞ்சு உயரம் வரும், கண்ணாடி குறுகலாக, பழைய ராஜா காலத்துப் பல்லக்கு ஜன்னல் மாதிரி. டேஷ்போர்டு நடுவில் முள் வைத்த வட்டக் கடிகாரம். குளிரில் சாவியைத் திருப்பினால் முதல் நாலைந்து விநாடி கனமாக உறுமிவிட்டு, அப்புறம் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது எட்டு சிலிண்டரில் நாலு தானாக ஓய்வெடுத்துக்கொள்ளும். மீட்டரில் ஒன்றும் தெரியாது. சீட்டில், இடுப்புக்குக் கீழே, தாளம் மாறுவது தெரியும். மிதித்தால் நாலும் திரும்ப வந்து சேர்ந்துகொள்ளும். பதினெட்டு வயதாகிவிட்டது இந்தக் காருக்கு, இன்றைக்கும் அந்த இடம் வரும்போது ரேடியோவை அணைத்துவிடுகிறேன்.

இந்த ஹெமியைப் பற்றி காலேஜ் வைவாவில் கேட்டபோது நீ சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? "கொட்டாங்கச்சி சார்." வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சிரித்தே மார்க் போட்டார். ஆனால் அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை. சிலிண்டருக்கு மேலே எரிபொருள் எரியும் அறை கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி, இரண்டு பக்கமும் பெரிய வால்வு, உச்சியில் பிளக். பையனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆகஸ்டில், உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம் போகும் சனிக்கிழமை, ஒரு பெரியவர் 1955 C-300 கொண்டுவந்திருந்தார். முந்நூறு குதிரைச் சக்தி இருந்ததால் அந்தப் பெயர். என் காருக்கே தாத்தா அது. நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அவரே பானட்டைத் திறந்து காட்டினார். இரண்டு கார்புரேட்டர், இரண்டு பெரிய ஏர் ஃபில்டர், வால்வு மூடிகளின் மேல் பிளக் வயர் நேராக இறங்குகிறது. ஒரு பொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை. கையை வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வைத்தேன். இன்ஜின் இன்னும் சூடாக இருந்தது.

அப்படிப்பட்ட வம்சம்டா இது. 2004-இல் ரால்ஃப் ஜில்ஸ் வரைந்த வடிவத்தில் 300 திரும்பி வந்தபோது இந்த ஊரே நிமிர்ந்து பார்த்தது. பென்ஸிடமிருந்து ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும் பின் சஸ்பென்ஷனும் வாங்கிப் போட்டார்கள், மற்றதெல்லாம் அமெரிக்க உடம்பு. அதே அடித்தளத்தில் பத்தொன்பது வருஷம் ஓட்டினார்கள். போன டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் கடைசி வண்டியை இறக்கிவிட்டு முடித்துக்கொண்டார்கள். கடைசிப் பதிப்பு 6.4 லிட்டர், 485 குதிரைச் சக்தி. அமெரிக்காவுக்கு 2000, கனடாவுக்கு 200, அவ்வளவுதான். பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. வாங்க ஆள் இல்லாமல் செத்த வண்டி இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இன்றைக்கு க்ரைஸ்லர் என்ற பெயரில் கடையில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரே ஒரு மினிவேன். அதையே பசிஃபிகா, வாயேஜர் என்று இரண்டு பெயரில் விற்கிறார்கள். நல்ல வண்டிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மாலதிக்குப் புது வண்டி பார்க்கலாம் என்று அக்டோபரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். கையில் பணம் இருக்கிறது, மனசில் ஆசை இருக்கிறது, வாங்க கார் இல்லை. அடுத்த வருஷம் ஜூன் வந்தால் கம்பெனிக்கு நூறு வயது. நூறாவது பிறந்தநாளுக்கு இலையில் ஒரே பதார்த்தம்.

மின்சார ஏர்ஃப்ளோ வருகிறது என்று 2022 ஜனவரியில் லாஸ் வேகாஸில் காட்டினார்கள். அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, இந்த பிப்ரவரியில் ஹால்சியான் என்று வேறொரு மாதிரியைக் காட்டினார்கள். காட்சிக்கு மட்டும் குறைவில்லை. அந்த ஏர்ஃப்ளோ என்ற பெயரைத் தொடவே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். 1934-இல் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்த கார் அது. விற்கவில்லை, காலத்துக்கு முந்திவிட்டது. ஆனால் செய்து, விற்பனைக்கு விட்டு, அடிவாங்கினார்கள். இவர்கள் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மின்சார வண்டி மேல் எனக்குப் பகை இல்லை. நாளைக்கு அதுதான். ஆனால் இதே கம்பெனியின் புது டாட்ஜ் சார்ஜர் டேடோனாவைப் பற்றிப் படித்தாயா? மின்சாரக் கார், 670 குதிரைச் சக்தி, எடை 2600 கிலோவுக்கு மேல். அதற்கு V8 மாதிரி சத்தம் போட ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். சத்தம் என்பது வேலையின் விளைவுடா. நெல் குத்தினால்தான் உலக்கைச் சத்தம். அமைதியாக ஓடும் வண்டிக்கு அமைதிதானே அழகு? அதை வடிவமைத்த பிள்ளைகள் திறமைசாலிகள் என்று எனக்குத் தெரியும், அவர்களைப் போய் இதைச் செய்ய வைத்தார்களே என்றுதான் வருத்தம். இன்னொரு பக்கம், இவர்களுடைய ராம் 1500 பிக்கப் லாரியிலிருந்து ஹெமியைத் தூக்கிவிட்டு மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். சக்தி கூடத்தான் செய்தது. ஆனால் லாரி வாங்க வரும் விவசாயி என்ன கேட்கிறான் என்று ஒருவரும் காது கொடுக்கவில்லை.

எனக்கு உண்மையில் ஆறாதது இதெல்லாம் இல்லை. மார்ச் 22. அன்றைக்கு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டு, சுமார் 400 பேருக்குப் போனிலேயே வேலை போய்விட்டது என்று சொன்னார்கள். பெரும்பாலும் இன்ஜினியரிங், சாஃப்ட்வேர் ஆட்கள். அந்த ஞாயிறு கோயிலில் பிரசாத வரிசையில் இதே பேச்சு. I-75-இல் தினமும் ஆபர்ன் ஹில்ஸில் க்ரைஸ்லர் தலைமையகக் கோபுரத்தைத் தாண்டித்தான் போகிறேன். உச்சியில் கம்பெனிச் சின்னமான அந்த ஐந்து முனை நட்சத்திரம். முன்னெல்லாம் அதைப் பார்த்தால் ஒரு பெருமை வரும். மார்ச்சுக்கு அப்புறம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கணக்கைப் பார். 2023-இல் கம்பெனியின் நிகர லாபம் 1860 கோடி யூரோ. தலைவருக்குச் சம்பளமும் மற்றதும் சேர்த்து 3.65 கோடி யூரோ. 2024 முதல் பாதியில் லாபம் பாதியாகச் சரிந்துவிட்டது. விலையை ஏற்றி ஏற்றி, ஜீப் வாங்குகிறவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள், டீலர்கள் முற்றம் முழுக்க விற்காத வண்டி. செப்டம்பரில் டீலர்களே தலைவருக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதும் அளவுக்கு வந்தது. இல்லினாய்ஸில் பெல்விடியர் ஆலை 2023 பிப்ரவரியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. வேலைநிறுத்தம் செய்து, மறுபடி திறக்கிறோம் என்று எழுத்தில் வாங்கியும், திறந்தபாடில்லை.

இதே கம்பெனி 1979-இல் இதைவிட மோசமாகக் கிடந்தது. ஃபோர்டிலிருந்து துரத்தப்பட்ட லீ அயகோக்கா வந்து உட்கார்ந்தார். வருஷத்துக்கு ஒரு டாலர் சம்பளம் என்று எழுதிக்கொண்டு, 150 கோடி டாலர் கடனுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் வாங்கி, 1983-இலேயே, தவணைக்கு ஏழு வருஷம் முன்னால் கட்டி முடித்தார். ஃபோர்டு வேண்டாம் என்று தள்ளிய மினிவேன் யோசனையை எடுத்து ஊர் முழுக்க ஓடவிட்டார். இன்றைக்குக் கடையில் மிச்சம் இருக்கும் ஒரே வண்டி அந்த வம்சம்தான்.

அதற்கும் முன்னால் வால்ட்டர் க்ரைஸ்லரை எடுத்துக்கொள். ரயில்வே பட்டறையில் எண்ணெய்க் கையோடு வளர்ந்தவர். 1908-இல் சிகாகோ கண்காட்சியில் 5000 டாலர் லோகோமொபைல் காரைப் பார்த்து மயங்கி, கையில் இருந்த 700 போக மிச்சம் 4300-ஐக் கடன் வாங்கி வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் ஓட்டவில்லை. முழுக்கப் பிரித்துப் போட்டார், திரும்பப் பூட்டினார், மறுபடி பிரித்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நீயும் உன் மாமாவின் ராஜ்தூத் பைக்கும்தான். வார்டன் வந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த சிலிண்டரை நான் போர்வை போட்டு மூடினேனே, அந்த ராத்திரி.

அந்த மாதிரி ஒருவர் கட்டிய வீட்டுக்கு வந்தவர்களைப் பார். 1998-இல் டெய்ம்லர் வந்தது. சமமான இணைப்பு என்று சொல்லிவிட்டு, சமம் இல்லை என்று பிறகு அவர்கள் தலைவரே ஒப்புக்கொண்டார். 2007-இல் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். 2009 ஏப்ரல் 30-இல் திவால் மனு. அப்புறம்தான் உன் பத்மினியின் தாய்வீடான ஃபியட் வந்து கைப்பிடித்தது, அன்றைக்கு நீ அனுப்பிய "வணக்கம் சம்பந்தி" குறுஞ்செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். ஃபியட் தலைவர் மார்ச்சியோனே இருந்தவரை ஒரு குறையும் சொல்லமாட்டேன். 707 குதிரைச் சக்தி ஹெல்கேட் இன்ஜினுக்கு அனுமதி கொடுத்த மனிதர். 2018-இல் அவர் போனார். 2021-இல் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்த்து ஸ்டெல்லாண்டிஸ் ஆக்கினார்கள். நம் சம்பந்தம் கூட்டுக் குடும்பமாகி, நம் இரண்டு வீட்டு மருமக்களுக்கும் அடுப்படியில் இடம் இல்லாமல் போய்விட்டது.

ஒரே ஒரு நல்ல சேதி. மே மாதம் வெளியே போன டிம் குனிஸ்கிஸ், ஹெல்கேட் காலத்து ஆள், போன வாரம் ராம் லாரிப் பிரிவுக்குத் தலைவராகத் திரும்பி வந்துவிட்டார். படித்ததும் மாலதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ புது கார் வருமா?" என்றாள். வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

இப்போது பத்மினி. நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறார், கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் பணக் கஷ்டம் தெரியும், விற்காதே என்று இங்கே உட்கார்ந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உன் அப்பா ஃபார்கோ லாரி ஓட்டிய காலம், அதையும் பம்பாய் குர்லாவில் அதே பிரீமியர்காரர்கள்தான் க்ரைஸ்லர் கூட்டில் பூட்டி அனுப்பினார்கள். லாரியை விற்ற அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்ததை நீதான் எனக்குச் சொன்னாய். அவர் கடைசியாக வாங்கிய வண்டி இந்தப் பத்மினி. அவசரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொல், வெட்கப்படாமல் சொல், அனுப்புகிறேன். வண்டி பேரில் கடனாக எழுதிக்கொள்ளலாம்.

ஜனவரி 11 கோயம்புத்தூரில் இறங்குகிறேன், மூன்று வாரம் இருப்பேன். வந்தவரிடம் பொங்கல் கழித்துப் பேசலாம் என்று சொல்லி வை. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டை மாற்றி, பிரேக் லைனிங்கையும் பார்த்துவிடு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது நான் ஓட்டுகிறேன், இறங்கும்போது நீ.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்