வாய்தா நாளும் ஒரு நாற்காலியும்

மதுரை
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. பேத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கும் என் மனைவிக்கும் அளவற்ற மகிழ்ச்சி. உடனே பதில் எழுத உட்கார்ந்தவன், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த நான்கு வரிகளால் ஐந்து நாட்கள் எழுதாமலே இருந்துவிட்டேன். நாளிதழை நிறுத்திவிட்டாய், தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பதில்லை, இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, நம்மால் இனி ஆவது ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதை எல்லாம் அந்தக் காலத்திலேயே செய்துவிட்டோம் என்று எழுதியிருந்தாய். அந்தக் காலத்தில் நாம் இருவரும் செய்தவை எவை என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே மிஞ்சிப் போயின.

என் பங்குக்கு நான் செய்யாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் ஐந்து பேரையும் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றபோது, நான் மேலூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். மறுநாள் காலை கிளைக்குள் நகைக்கடனுக்கு வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசியவற்றை இங்கே எழுத முடியாது. பட்டியல் சாதியினருக்கான தனி ஊராட்சி என்று அறிவித்ததைப் பொறுக்காமல் நடந்த கொலை அது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சொல், 'அப்படிப் பேசாதீர்கள்' என்ற ஒரே ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வரவில்லை. அதிகாரி என்ற இருக்கையில் உட்கார்ந்திருந்தவன், பேசியவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரன், பேசியிருந்தால் எனக்கு எந்தக் கெடுதலும் வந்திருக்காது. பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2019 நவம்பரில் அந்த வழக்கின் ஆயுள் கைதிகள் பதின்மூன்று பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்ட செய்தியைப் படித்த அன்று, அந்தப் பேரேட்டின் தாள் வாசனை எனக்கு மறுபடி வந்தது என்று சொன்னால் நீ நம்புவாயா?

இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு வருகிறேன். ஊரில் நம் தோப்பில் களையெடுக்க வரும் அம்மாளை உனக்கு நினைவிருக்கும். அவருடைய இளைய மகன், பட்டயப் படிப்பு முடித்தவன், சென்ற ஆண்டு பங்குனித் திருவிழாவின்போது இரு சக்கர வண்டியில் ஊர் மந்தையைக் கடந்திருக்கிறான். வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை என்பது குற்றம். நான்கு பேர் சேர்ந்து அடித்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. அடித்தவர்களில் ஒருவன் என் பெரியப்பா மகனின் பேரன். பிறந்தபோது நான் தூக்கிச் சீனித்தண்ணீர் வைத்த பிள்ளை.

அந்த அம்மாள் காவல் நிலையத்துக்கு இரண்டு நாள் நடந்தும் கையில் கிடைத்தது, புகார் வந்தது என்பதற்கான ஒரு சிஎஸ்ஆர் ரசீது மட்டும்; வழக்குப் பதியவில்லை. மூன்றாம் நாள் நான் உடன் சென்றேன். நாங்கள் உள்ளே நுழைந்ததும் உதவி ஆய்வாளர் எழுந்து நின்றார். ஒரு காவலர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டார். புகார் கொடுக்க வந்த அறுபது வயதுப் பெண் சுவரோரமாக நின்றார். எழுத்தர் என்னைப் பார்த்து, 'சார், காபியா, டீயா?' என்று கேட்டார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், சிதம்பரம். எழுந்து அவரை உட்காரச் சொல்லியிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒன்றரை மணி நேரத்தில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளோடு முதல் தகவல் அறிக்கை பதிவாகி, அதன் நகலும் அவர் கைக்கு வந்துவிட்டது. சட்டம் இரண்டு நாட்களுக்கு முன்பும் அதே சட்டம்தான். புகாரும் அதே புகார். அவர் சொன்ன சொற்களில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

நீயும் நானும் எதையும் சம்பாதித்து இந்த நாற்காலியை வாங்கவில்லை. படிப்பு, பதவி, ஓய்வூதியம் எல்லாம் பிறகு வந்தவை. தாத்தாவின் பெயரைச் சொன்னால் ஊரில் கதவு திறக்கும் என்பது நாம் நடக்கப் பழகும் முன்பே நமக்குக் கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று உதறவும் முடியாது. ஏனென்றால், நாம் நின்றாலும் அதை நமக்காகத்தான் போட்டு வைப்பார்கள். நாளிதழை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்க முடிவதும் அதே நாற்காலியின் வசதிதான் என்று எனக்குப் படுகிறது. அந்த அம்மாள் எந்த நாளிதழை நிறுத்துவார்? அவருக்குச் செய்தி மந்தை வழியாக, மகனின் கட்டுப் போட்ட கை வழியாக, வீட்டுக்கே வந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பெரியவர்களை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்றும் யோசித்தேன். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர், உள்ளே நுழையத் தடை செய்யப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்தோம். அந்த ஒரு காலைப் பொழுதுக்குப் பின்னால் வந்த நாட்களைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்கள் பூசைக்கு வர மறுத்தார்கள், தமிழ்ச் சங்கம் சாலையில் ஒரு வீட்டில் தனியாக அம்மனை வைத்து வழிபட்டார்கள், வழக்குகள் தொடுத்தார்கள், அழைத்துச் சென்றவர்களைப் பாதுகாக்க இராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சொந்தச் சாதியார் அய்யரை ஒதுக்கி வைத்தார்கள். மேலூர் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அவர் வீட்டில் பிள்ளையைப் போல வளைய வந்தார். ஒரு நாள் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வீட்டின் அன்றாடத்தைத்தான், இந்த வயதில், வியந்து பார்க்கிறேன்.

ரோசாப்பூ துரை என்று ஊர் மக்கள் அழைத்த ஜார்ஜ் ஜோசப்பை எடுத்துக்கொள். செங்கன்னூரில் பிறந்து இங்கிலாந்தில் பாரிஸ்டர் படித்த அவருக்கு மதுரையில் நல்ல வருமானம் கொடுக்கும் தொழில் இருந்தது. ரேகைச் சட்டத்தின், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் இரவானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் அவருக்கு உறவினரும் அல்லர். இருந்தும் அந்தச் சட்டத்தில் சிக்கிய பிரமலைக் கள்ளர்களுக்காக நீதிமன்றத்திலும் வெளியிலும் அவர் விடாமல் வாதாடினார். 1938-இல் மதுரையிலேயே இறந்தார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-இல். தான் எதிர்த்த சட்டம் ஒழிவதை அவர் பார்க்கவே இல்லை. ஊர் மக்கள் தம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள் என்பது மட்டும் மிச்சம்.

இதில் என்னை உறுத்தும் ஒன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த அவமானத்தை அனுபவித்த அதே உசிலம்பட்டிச் சீமையில்தான் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தனி ஊராட்சித் தலைவரை 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் உட்கார விடவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், மனுத் தாக்கல் செய்ய ஆள் வரமாட்டார், வந்து வென்றாலும் அடுத்து ராஜினாமா. நேற்று அடிபட்டவன் இன்று அடிக்கமாட்டான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்று நான் அங்கே கற்றுக்கொண்டேன். அந்தப் பத்து ஆண்டுகளும், வெற்றி பெறும் என்ற நம்பிக்கை துளியும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் அந்த ஊர்களுக்குப் போய் வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். நாம் அப்போது சம்பளக் குழுவின் நிலுவைத் தொகையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வயது, சோர்வு என்று நீ சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை. இந்த ஆண்டு ஜனவரியில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்குத் திரண்டு நடந்து வந்த நாளில், நீ சென்னையிலிருந்து மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டாய். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தான செய்தியை எனக்கு முதலில் சொன்னவனும் நீதான். நம் கண்மாய்க்கு ஆபத்து என்றதும் உனக்கு இரத்த அழுத்தம் நினைவுக்கு வரவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நடந்தேன், ஊர்த்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து நெகிழ்ந்தேன். அடுத்த வாரம் அதே ஊர்த்தெருவிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு, 'பிள்ளைகள் வழக்கை எப்போது பேசி முடிக்கப் போகிறீர்கள்?' என்பது.

அழைப்புகளைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். முதலில் உறவுமுறை சொல்லிக் கெஞ்சல், பிறகு என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்ற மிரட்டல், பிறகு அந்தப் பையன் மீதே ஓர் எதிர்ப் புகார். கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. தங்கை என்னிடம் ஆறு மாதம் பேசவில்லை. இதை ஒரு தியாகம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது; பந்தியில் நாற்பது இலை குறைந்தது, அவ்வளவுதான். அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது.

அறுபது நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. இதில் ஏழு மாதங்கள் ஆயின. இப்போது சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை நடக்கிறது. நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறேன். போய் ஒன்றும் செய்வதில்லை. வராந்தாவில் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன், அரசு வழக்கறிஞரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன், மதியம் எல்லோரும் சேர்ந்து தயிர்சாதம் சாப்பிடுவோம். பேசவோ முன்னால் நிற்கவோ எனக்கு அங்கே வேலை இல்லை. வழக்கு அவர்களுடையது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை அந்த அம்மாளும் மகனும் தீர்மானிக்கிறார்கள். தொடக்கத்தில் இது எனக்குப் பிடிபடவில்லை. அதிகாரியாக இருந்த பழக்கம். எல்லாவற்றையும் நானே பேசிவிடுவேன். ஒரு நாள் அந்தப் பையன், 'அய்யா, நான் சொல்றேனே' என்றான். அதன் பிறகு குறைத்துக்கொண்டேன்.

ஜூன் மாத வாய்தாவுக்கு நான் போகவில்லை. பேரனுக்குக் காதுகுத்து, அழகர்கோயிலில் முடியிறக்கி, எண்பது பேருக்குச் சாப்பாடு. ஒரு வாய்தாவில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அன்று இரண்டு சாட்சிகள், ஒருவர் மந்தையில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று சொல்லிப் பிறழ் சாட்சிகள் ஆகிவிட்டார்கள். நான் வராந்தாவில் இருந்திருந்தால் அவர்கள் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டார்களா? எனக்குத் தெரியாது. தேநீர்க் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கியிருப்பார் என்று மட்டும் தோன்றுகிறது.

மறுநாள் தோப்புக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னை அவர் வழக்கமாக அழைக்கும் சொல்லால் அழைத்து (அந்தச் சொல்லை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, பலமுறை வேண்டாம் என்று சொல்லியும் அவருக்கு விடவில்லை), 'பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து நல்லா நடந்துச்சா? பிள்ள ரொம்ப அழுதானா?' என்று கேட்டார். வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் 'கொஞ்சம் அழுதான்' என்று பதில் சொன்னேன்.

உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அரசு தர வேண்டிய தீருதவித் தொகையின் முதல் தவணை வந்துவிட்டது. குற்றப்பத்திரிகைக்குப் பிறகு வர வேண்டியது எங்கோ ஒரு மேசையில் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவில் இதை எழுப்ப மனு எழுத வேண்டும். எனக்கு வங்கித் தமிழ்தான் வரும். நீ முப்பத்திரண்டு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்தக் கோப்பு எந்த மேசையில் எதற்காகத் தூங்கும், எந்தச் சொல்லைப் போட்டால் எழுந்து நடக்கும் என்பதெல்லாம் உனக்கு அத்துபடி. உன் பெயரைச் சொன்னால் இன்றும் இங்கே எழுந்து நிற்கும் ஆட்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். காகிதங்களின் நகல்களை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வரைவு ஒன்று எழுதி அனுப்பு. அனுப்பும் முன் அந்தப் பையனிடம் தொலைபேசியில் ஒரு முறை பேசிவிடு. எண்ணை வேறு தாளில் குறித்திருக்கிறேன்.

அடுத்த வாய்தா இம்மாதம் 21-ஆம் தேதி, வியாழக்கிழமை. முந்தின நாள் வைகை விரைவு வண்டியில் ஏறினால் இரவு வந்து சேர்ந்துவிடலாம்; மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வராந்தாவில் விசிறி கிடையாது, உட்காரும் பலகையில் ஒரு கால் ஆடுகிறது, உன் முட்டிக்கு ஒரு தலையணை எடுத்துக்கொண்டு போவோம்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
இராமநாதன்