பிரிந்திசி முதல் கல்லீப்போலி வரை: ஆர்.எம்.எஸ். (ரயில் தபால்) பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

வாட்ஸப்பில் அனுப்பிய படங்களுக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசியில் "எல்லாம் நீலமா இருக்கு, ஊரைக் காணோமே" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கடலைப் படம் பிடிப்பது சுலபம், ஊரைச் சொல்ல நாலு பக்கம் வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் சுற்றியது பூட்ஸ் வடிவ இத்தாலியின் குதிகால் பகுதி. சலெந்தோ என்கிறார்கள். கிழக்கே ஏட்ரியாட்டிக் கடல், மேற்கே அயோனியன் கடல். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று ஒரே நாளில் இரண்டையும் காரில் பார்த்துவிடலாம். நான் ஓட்டினேன், இவர் கூகுள் மேப் பார்த்தார். வலப்பக்கம் ஓட்டுவது சீக்கிரம் பழகிவிடுகிறது. பயப்பட வேண்டியது கேமராவுக்கு. பழைய ஊர்களின் உள்தெருக்களில் ஊர்க்காரர் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. நுழைவில் "இசட்.டி.எல்." என்று பலகை இருக்கும், அதைத் தாண்டினால் அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வீடு தேடி வரும். காரை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். வெள்ளைக் கோட்டுக்குள் நிறுத்தினால் இலவசம், நீலக் கோட்டுக்குள் காசு.

பிரிந்திசியில் ஆரம்பித்தோம். சுற்றுலாக்காரர்கள் விமான நிலையத்தோடு கடந்துபோகும் ஊர். நான் அங்கே நின்றது உங்களுக்காக. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும், லண்டனிலிருந்து இந்தியா வரும் தபாலுக்கு இந்தத் துறைமுகம்தான் வாசல். 1870 முதல் 1914 வரை தபால் மூட்டைகள் ஐரோப்பாவைக் குறுக்கே ரயிலில் கடந்து இங்கே வந்து, பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பலில் ஏறி, எகிப்து வழியாக பம்பாய்க்குப் போயின. அங்கிருந்து ரயிலில் மதராஸுக்கு. ஆயுசு முழுக்க ஓடும் ரயிலில் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்த உங்களிடம் இந்த ஊரைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? உலகப் போர் வந்தது, அந்த வழி நின்றது, ஊரின் பவிசும் போயிற்று. 1931 டிசம்பரில் வட்டமேஜை மாநாடு முடிந்து காந்தி கப்பல் ஏறியதும் இந்தத் துறைமுகத்தில்தான்.

துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு படிக்கட்டு, அதன் உச்சியில் ஓர் உயரமான ரோமானியத் தூண். ரோமிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் ஆப்பியன் சாலை முடியும் இடம் என்று இதைக் காட்டுகிறார்கள். ஜோடியாக நின்ற தூண்கள். ஒன்று 1528-ல் விழுந்தது. விழுந்ததன் துண்டுகளைப் பக்கத்து ஊரான லெச்சே கொண்டுபோய், அதன் மேல் தன் ஊர்ப் புனிதரை ஏற்றி வைத்துக்கொண்டது. பிரிந்திசிக்காரர்களுக்கு அது இன்னும் ஆறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பாதாம் பாகும் ஐஸும் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, தெற்கே ஒத்ராந்தோவுக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் ஒரே ஓர் ஊர்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுதான். எதிர்க்கரையில் அல்பேனியா, நடுவில் சுமார் 70 கிலோமீட்டர் கடல்தான்.

கதீட்ரலுக்குள் போனதும் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தரையை. வாசலிலிருந்து பலிபீடம் வரை முழுத் தரையும் மொசைக். 1163-க்கும் 1165-க்கும் இடையில் பந்தலியோனே என்ற துறவி சின்னச் சின்னக் கல்துண்டுகளால் பதித்தது. வாசலருகே தொடங்கி நெடுக ஒரு பெரிய மரம் போகிறது. அந்த மரம் எதன் மேல் நிற்கிறது தெரியுமா? இரண்டு யானைகளின் முதுகில்! அதன் கிளைகளில் எந்தக் கதைக்கும் இடம் உண்டு. நோவாவின் கப்பல் இருக்கிறது, பேபல் கோபுரம் இருக்கிறது, பறவைச் சிங்கங்கள் ஆகாயத்துக்குத் தூக்கிப்போகும் அலெக்சாண்டர் இருக்கிறார், எங்கோ வடக்கே பிரிட்டன் கதைகளிலிருந்து ஆர்தர் ராஜா கூட வந்து சேர்ந்திருக்கிறார். மேலே போகப் போக, 12 மாதங்களுக்கு 12 வட்டங்கள். ஒன்றில் கதிர் அறுக்கிறார்கள், ஒன்றில் திராட்சை மிதிக்கிறார்கள். எனக்கு ராஜாக்களை விட அந்த மாதங்கள்தான் பிடித்தன. கப்பலில் வந்துபோனவர்கள் சொன்ன கதைகளையெல்லாம் ஒரு மனிதர் வாங்கி வைத்துக்கொண்டு தரையில் கொட்டியதாகவே தோன்றியது. துறைமுக ஊரில்தான் இப்படி ஒரு தரை அமையும்.

அப்புறம் வலப்பக்கச் சிற்றாலயம். உயரமான கண்ணாடி அலமாரிகள் நிறைய மண்டை ஓடுகளும் எலும்புகளும். 1480-ல் கெதிக் அகமது பாஷாவின் தலைமையில் துருக்கியரின் ஒட்டோமான் படை இந்த ஊரில் இறங்கி, சில நாள் முற்றுகைக்குப் பின் பிடித்தது. மதம் மாற மறுத்த சுமார் 800 ஆண்களை ஆகஸ்ட் 14 அன்று மினெர்வா குன்றில் வெட்டினார்கள் என்பது திருச்சபை சொல்லும் வரலாறு. கேட்டது மதமா, பணயத் தொகையா என்று வரலாற்று ஆசிரியர்களிடையே வாதம் உண்டு. வெட்டுப்பட்ட அத்தனை பேருக்கும் 2013-ல் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். 1481-ல் ஒட்டோமான் சுல்தான் மெகமத் இறந்ததும் படை திரும்பிவிட்டது. ஊர் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கோட்டையை அதற்கப்புறம்தான் பெரிதாகக் கட்டினார்கள், வழக்கம்போல.

ஒத்ராந்தோவை விட்டுக் கிளம்பியதும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தோண்டிவிட்டுக் கைவிட்ட சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1976-ல் மூடியது. செக்கச்சிவந்த மண் நடுவே பச்சைக் குளம். வண்டியை ஓரம் கட்டிப் பார்க்கலாம்.

அங்கிருந்து குதிகாலின் நுனியான லெவுக்கா முனை வரை சுமார் 50 கிலோமீட்டர் கடலோரச் சாலை. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே பஸ் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழி நெடுக 16-ம் நூற்றாண்டுக் காவல் கோபுரங்கள். கடற்கொள்ளையரைக் கண்டால் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு நெருப்பும் புகையும் காட்டிச் சேதி சொல்வார்களாம். அதுவும் ஒருவகைத் தபால்தான். சாந்தா செசாரெயா என்ற ஊரில் கந்தக நீர் ஊற்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். மதியம் ஒன்றிலிருந்து நாலு, ஐந்து மணி வரை பெரும்பாலான கடைகள் திறக்காது. வாங்க வேண்டியதை அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். லெவுக்காவில் 1866-ல் கட்டிய கலங்கரை விளக்கம், ஒரு மாதா கோயில், நிறைய காற்று. அவ்வளவுதான்.

முனையைச் சுற்றி மேற்கே திரும்பினால் காட்சி மாறிவிடுகிறது. ஆலிவ் மரங்கள் சாலைக்கு இருபுறமும் பட்டுப்போய் நிற்கின்றன. கட்டிப்பிடிக்க முடியாத பருமன், தலையில் ஓர் இலை இல்லை. சைலெல்லா என்ற பாக்டீரியா. 2013-ல் கல்லீப்போலி அருகேதான் முதலில் கண்டுபிடித்தார்கள். சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் பரப்புகிறது. இலட்சக்கணக்கில் மரங்கள் போய்விட்டன. இவர் பேசிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்.

கல்லீப்போலி என்றதும் உங்களுக்கு முதல் உலகப் போர் ஞாபகம் வரும். அது துருக்கியில் இருப்பது. இது வேறு, ஒரு பாலத்தால் கரையோடு இணைந்த சின்னத் தீவு ஊர். இங்கே தரைக்குக் கீழே பாறையைக் குடைந்து எண்ணெய்ச் செக்குகள் வைத்திருந்தார்கள். குளிரில் எண்ணெய் உறையாமல் இருக்க அந்த வெதுவெதுப்பு வேண்டுமாம். ஒன்றில் இறங்கிப் பார்த்தோம். கல் உருளையைச் சுற்றிச் சுற்றி வந்தது கோவேறு கழுதை. மனிதர்களும் மிருகங்களும் குளிர்காலம் முழுக்க அந்தக் குகையிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் பலர், கடலுக்குப் போக முடியாத மாதங்களில் கூலிக்கு வந்த மாலுமிகள். அந்த எண்ணெய் சமையலுக்கு இல்லை, விளக்குக்கு! லண்டன் வரைக்கும் கப்பல் கப்பலாகப் போனது. மண்ணெண்ணெயும் கேஸ் விளக்கும் வந்தன, வியாபாரம் படுத்தது. பிரிந்திசிக்குத் தபால் எப்படியோ, இந்த ஊருக்கு எண்ணெய் அப்படி. புதிதாக எதுவும் இடித்துக் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் இந்தத் தெருக்களெல்லாம் நமக்குப் பார்க்கக் கிடைக்கின்றன என்பது என் கட்சி.

பாலத்தடியில் மீன் சந்தை. "ஸ்கபேச்சே" என்று ஒன்று விற்கிறார்கள். பொரித்த பொடிமீனை வினிகரும் குங்குமப்பூவும் ஊறிய ரொட்டித் தூளோடு மரத்தொட்டியில் அடுக்கடுக்காக வைப்பது. மஞ்சளாக, கொழகொழவென்று இருக்கும். எனக்குப் பிடித்தது, இவர் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார். உங்களுக்குப் பிடிக்கும், பெரியம்மா வாசனைக்கே எழுந்து போய்விடுவார்.

அடுத்த வருஷம் இரண்டு பேரும் வருவதென்றால் செப்டம்பரில் வாருங்கள், ஆகஸ்ட் வேண்டாம். அப்போது இத்தாலியே இங்கே குளிக்க வந்துவிடும், காரை நிறுத்த இடம் கிடைக்காது. பெரியம்மா முழங்காலுக்கு ஒத்ராந்தோ ஏற்றம் மெதுவாக ஏறினால் சரிப்படும். கல்லீப்போலி செக்குக் குகைக்கு மட்டும் படி இறங்க வேண்டும், அவரை மேலே காப்பிக் கடையில் உட்கார வைத்துவிடலாம். பாஸ்போர்ட் புதுப்பிக்க இப்போதே கொடுத்துவிடுங்கள், விசாவுக்கு நாள் பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் மகள் மாதிரி ஒருத்தி